கல் என்றால் நிறுத்து

என் வலது முழங்காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா, எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். படி ஏறும்போது கொஞ்சம் பிடிக்கும். சூடாக ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் விட்டுவிடும். என் வயதுக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், முழங்காலைப் பற்றி ஒரு புலம்பல் வைத்திருப்பார்கள். இப்போதுகூட உங்கள் அலுவலகத்துக்கு மாடிப்படியில்தான் ஏறி வந்தேன். கீழே உங்கள் லிஃப்ட்டின் கதவு சரியாக மூடுவதில்லை, யாரையாவது வரச்சொல்லிப் பாருங்கள்.

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் என் தொழில். இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் வாய் நிறைய மச்சான் என்பார். கல்யாணமான புதிதில் அவருக்குத் தொப்பை இருந்தது. குளத்தில் படகு ஏறினாலே முகம் வெளுத்துவிடும். அவரைச் சைக்கிளில் ஏற்றி, படகில் உட்காரவைத்து, கயிற்றில் தொங்கவைத்து ஆளாக்கியது நான்தான். இதை அவரே கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது என்றீர்கள். காலையில் மலைப்பாதையில் சைக்கிள். அங்கிருந்து நீர்த்தேக்கம், அதைத் துடுப்புப் படகில் கடக்க வேண்டும். அப்புறம் பாறையிலிருந்து கயிற்றில் இறக்கம், கடைசியில் ஊருக்குள் ஓட்டம். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் முந்திப் போய்ப் பிரயோஜனம் இல்லை, இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. நானும் மாப்பிள்ளையும் வருஷா வருஷம் ஓடினோம். மூன்றாவதாக வருவோம், நான்காவதாக வருவோம். வழக்கமாக ஜெயிக்கிற ஜோடி இந்த வருஷம் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டது. அதனால் எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்தான், முழங்காலைப் பற்றி நானும் உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா. ஆகவே இந்தப் பந்தயம் எனக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியும்.

பாறை இறக்கத்தில் மற்ற ஜோடிகள் நிர்வாகத்தார் கட்டிவைத்த கயிற்றுக்கு வரிசையில் நிற்பார்கள். சொந்தக் கயிறு கொண்டுவந்தால் நிற்க வேண்டியதில்லை. ஒருவர் மேலே நின்று கையால் பிடித்துக்கொண்டு விட, மற்றவர் இறங்கலாம். பாறையின் விளிம்புக்குக் கீழே ஒரு குடைவு இருக்கிறது. அங்கே வந்ததும் காலூன்ற இடம் இல்லாமல் அந்தரத்தில் தொங்குவோம். மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அந்த இடத்தில் கயிற்றை நிறுத்தச் சொல்லி, உடம்பை ஆட்டி, பக்கத்துத் திட்டில் தாவிக்கொள்ள வேண்டும். அங்கே எல்லாமே குரலில்தான் இருக்கிறது.

அதற்குத்தான் நான் இரண்டு சொற்கள் வைத்திருந்தேன். பாம்பு என்றால் கயிற்றை விடு. கல் என்றால் நிறுத்து. மாப்பிள்ளைக்கு அது பெரிய வேடிக்கை. "எங்க மச்சான் தனியா ஒரு பாஷையே வச்சிருக்காரு" என்று கிண்டல் அடிப்பார். ஏன் இப்படி என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. லிஃப்ட் குழிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும். நம் பேச்சில் வேண்டாம் என்பது சொல்லின் வாலில் இருக்கிறது. விடு, விடாதே. இழு, இழுக்காதே. எதிரொலியோ காற்றோ முதலில் தின்பது வாலைத்தான். வால் போய்விட்டால் இரண்டும் ஒன்றுதான். குழிக்குள் ஒருவன் விடாதே என்று கத்தி, மேலே இருந்தவன் விட்டுவிட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சட்டை அச்சடிக்கிற கடைக்காரரிடமிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பந்தயத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். புதுச் சட்டையை வாங்கப் போனேன். பிரித்துப் பார்த்தேன். ஒன்று மாப்பிள்ளையுடையது. மற்றது என் முட்டிவரை வரும்போல இருந்தது.

"அந்த உயரமான தம்பிகிட்ட கை நீளம் போதுமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுங்க" என்றார் கடைக்காரர்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உயரமான தம்பி யார் என்று எனக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிற நெட்டையன். மாப்பிள்ளையிடம் கண்ணாடி வாங்க வந்து பழக்கமானவன். சட்டைகளை மடித்து, அந்தத் தம்பியே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் எனக்கு அழுகை வந்தது ஐயா, அதை மறைக்க வேண்டியதில்லை. பேருந்தில் நின்றுகொண்டு அழுதேன். சொந்தத் தங்கையின் கணவர் என்னைக் கழற்றிவிட்டார், அதுவும் சட்டைக் கடைக்காரருக்குத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது.

அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். தினமும் பயிற்சிக்குப் போனோம். கடைசி வாரங்களில் உடம்பை வருத்தக் கூடாது, பாதி தூரம் ஓடினால் போதும். ஆனால் சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும். படகிலிருந்து இறங்கி ஈரக் காலுறையைக் கழற்றி, பவுடர் போட்டு, காய்ந்ததை மாட்டுவது மாதிரி. அதைக்கூட என்னோடு சேர்ந்து செய்தார். தங்கை வீட்டுக்குப் போனால் அவள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "முழங்கால் எப்படி இருக்குண்ணா?" என்பாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு தடவை கேட்பாள். அவள் அதற்குமுன் என் முழங்காலைப் பற்றிக் கேட்டதே கிடையாது. அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. மாப்பிள்ளை செய்ததைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அப்பா போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான்.

ஒருநாள் நீர்த்தேக்கக் கரையில் படகைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் கையில் ஸ்பாஞ்சு இருந்தது, ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கால வச்சுக்கிட்டு இந்த வருஷம் வேண்டாம்னு பாக்குறேன். நெட்டையன் வர்றேங்கிறான்."

"நல்ல யோசனைதான் மாப்ள."

"உங்களுக்குக் கோவம் இல்லையே?"

"எனக்கென்ன கோவம்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஐஸ் வைக்க ஆரம்பித்தார். "கயிறு மட்டும் நீங்கதான் அவனுக்குச் சொல்லிக்குடுக்கணும். உங்கள மாதிரி யாருக்கு வரும்?" என்றார். சரி என்றேன். என்னைத் தூக்கி எறிந்துவிட்டு என் கையையே கேட்டார் பாருங்கள். அவர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் அந்த வருஷம் வீட்டில் உட்கார்ந்து பொருமியிருப்பேன், அவ்வளவுதான்.

நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இதை நெட்டையனே உங்களிடம் சொல்லியிருப்பான். பயிற்சி மண்டபத்தில் உயரமான செயற்கைச் சுவர் இருக்கிறது, அங்கே போனோம். கயிறு புதியது, நானே தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு முடிச்சையும் அவன் கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை விடவில்லை. பையன் கெட்டிக்காரன், சொன்னதைச் செய்கிறவன். "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே வந்தான். எனக்கு அவன்மேல் எந்த வருத்தமும் கிடையாது.

இரண்டு விஷயங்கள் மட்டும் செய்தேன். முதலாவது, அந்தப் பழைய சொற்களை எடுத்துவிட்டேன். "புதுசா வர்ற பையன், பதட்டத்துல மறந்துடுவான். சாதாரணமாவே விடு, விடாதன்னு சொல்லிக்கலாம்" என்றேன். "அப்பாடா, ஒரு வழியா மச்சான் மனுசப் பேச்சுக்கு வந்துட்டாரு" என்று மாப்பிள்ளை சிரித்தார். மண்டபத்துக்குள் காற்று ஏது? எல்லாம் தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது, பாறையில் ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லித்தருவதுதான், அதில் ஒரு தப்பும் இல்லை. மேலிருந்து கல் உருண்டால் பார்த்தவர் "கல்" என்று கத்துவார், கேட்டவர் தலையை மூடிக்கொள்ள வேண்டும். இதை நெட்டையனுக்குப் பழக்கினேன். அவன் ஷூ மாட்டும்போது, தண்ணீர் குடிக்கும்போது, திடீரென்று பின்னாலிருந்து "கல்" என்பேன். முதலில் யோசித்தான். போகப்போக யோசிப்பதற்கு முன்பே இரண்டு கைகளும் தலைக்குப் போய்விடும். மாப்பிள்ளை இல்லாத நேரங்களில் இதைச் செய்தேன். அவர் கடையைப் பார்க்க வேண்டியிருந்ததே.

நான் கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சைத் தளர்த்தவில்லை. நீங்கள் அந்தக் கயிற்றை எங்கே அனுப்பிச் சோதித்தாலும் நல்ல கயிறு என்றுதான் சொல்வார்கள். அவர்கள் குடைவில் தடுமாறி, நேரத்தை இழந்து, பின்தங்கி வர, "மச்சான், உங்கள விட்டுட்டுப் போனது தப்பு" என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். தங்கையிடமும் மனத்துக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்தவன் எதற்காகக் கையைத் தலைக்குப் பழக்கினான் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

பந்தயத்தன்று பாறைக்குக் கீழே தண்ணீர் கொடுக்கிற வேலைக்கு நான் பேர் கொடுத்திருந்தேன். மதியம் காற்று மேலிருந்து கீழே அடிக்கும், அந்த இடத்தில் எப்போதும் அப்படித்தான். மேலே பேசுவது கீழே தெளிவாகக் கேட்கும். கீழிருந்து கத்தினால் மேலே பாதிதான் போகும். அவர்கள் இரண்டாவதாக வந்தார்கள், முதல் ஜோடிக்கு ரொம்பப் பின்னால் இல்லை. நான் ஓடியிருந்தால் அவ்வளவு வேகமாக வந்திருக்க முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை விளிம்பைத் தாண்டி இறங்கினார். குடைவுக்கு வந்தார், காலுக்குப் பிடிப்பு இல்லை. "விடாத" என்றார். கயிறு இன்னும் வேகமாக இறங்கியது. திட்டு அவருக்கு மேலே போய்விட்டது. மறுபடியும் "விடாத, விடாத" என்றார், மறுபடியும் கயிறு இறங்கியது. அவர் முகம் எனக்குத் தெரிந்தது, படகில் முதல்நாள் உட்காரவைத்தபோது இருந்த அதே வெளுப்பு. அப்புறம் அவருக்குப் புதுப் பேச்செல்லாம் மறந்துபோய்விட்டது. "கல்" என்று கத்தினார். அது குட்டைச் சொல், வால் இல்லாதது, எந்தக் காற்றிலும் முழுசாகப் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தது.

நெட்டையன் உங்களிடம் சொன்னது அப்படியே உண்மை. கல் விழுகிறது என்று நினைத்தான், தலையை மூடிக்கொண்டான். கயிற்றில் கை இல்லை. அவனை விட்டுவிடுங்கள், அவன் இப்போது சாப்பிடுவதே இல்லை என்கிறார்கள். இது நடக்கும் என்று எனக்குத் தெரியும் ஐயா. அவர் புதுச் சொல்லைச் சொன்னால் காற்று தின்னும், பழைய சொல்லைச் சொன்னால் கை தலைக்குப் போகும். இரண்டு கதவையும் நான்தான் அடைத்தேன். லிஃப்ட் குழியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு, அந்த உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாவு வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீங்க கூட இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுல்லண்ணா" என்றாள். ஆகியிருக்காதும்மா என்றேன். அவளிடம் ஒருநாளும் நான் பொய் சொன்னதில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, பிறகு ஏன் வந்தேன் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. குற்ற உணர்ச்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நேற்றுத் தங்கை வீட்டுக்கு நீங்கள் விசாரிக்க வந்தபோது, நெட்டையனை இறந்தவருடைய ஜோடி என்று சொன்னீர்கள். அது தப்பு. அவர் கத்தியதை முழுசாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். அந்தச் சொல்லோடு சேர்த்து அவர் இன்னொன்றும் சொன்னார், அது மேலே போய்ச் சேரவில்லை. "கல், மச்சான், கல்" என்றார். அந்த நேரத்தில் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது நான் என்றுதான் அவர் நம்பினார். எங்களுக்குள் இருந்த மனக்கசப்பு அதோடு தீர்ந்துவிட்டது. ஆகவே ஜோடி என்கிற இடத்தில் நெட்டையன் பேரை அடித்துவிட்டு என் பேரைப் போடுங்கள்.