நான் இழுத்த கேபிள்

தெல்தோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கேபிள் வேலை செய்யும் இருவர் இருந்தார்கள்.

“அவ்வளவு நல்லா இழுத்திருக்கக் கூடாது மச்சான்,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“எதை?”

“கண்டியில அந்த டியூஷன் கட்டடத்துக்கு அப்ப நான்தானே இன்டர்நெட் கேபிள் இழுத்தேன்? ஸ்பீட் பத்தலைன்னு அதை நடத்துற மேடம் கூப்பிட்டாங்க. எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசா இழுக்கணும்னு சொன்னேன். கட்டுகஸ்தோட்டையிலருந்து ஒருத்தன் வந்தான். பழைய கேபிளே தாங்கும்னு சொல்லி, லைனைப் பிரிச்சு விடுற சுவிட்ச் பெட்டியை மட்டும் மாத்தினான். இப்ப பறக்குதாம். பக்கத்துக் கட்டடத்து வேலையும் அவனுக்குத்தான்.”

“அது நீ இழுத்த கேபிள்னு மேடம்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“அவனே சொல்லிட்டான்டா. இதை இழுத்தவரு நல்ல வேலைக்காரருன்னு.”

“நல்ல மனுசனாத்தான் இருக்கான்.”

பஸ் கலஹாவில் நின்றபோது ஜன்னல்காரர் கண்ணாடியை இழுத்து மூடினார்.

“அதுதான்டா வயிறு எரியுது,” என்றார்.