ஒரு கிணறு, இரண்டு மந்தைகள்

எங்கள் கிணற்றில் விடியும்போது தண்ணீர் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். பிறகு மாலை வரை காத்திருந்தாலும் பாதிதான் ஊறும். இதை எப்படிச் சரிசெய்வது என்று நான் நெடுங்காலம் யோசித்தேன், விடை கிடைக்கவில்லை.

அடியில் இருப்பது பாறை அல்ல, பொடிமணல். நீர் அதன் வழியே வியர்வை போலக் கசிந்துதான் வரும். ஒரு கோடையில் இன்னும் ஆழமாகத் தோண்டினோம். சுவர் சரிந்து, இருந்த தண்ணீரையும் மணல் மூடியது. பிறகு ஓர் உதவி நிறுவனம் சூரிய ஒளியில் ஓடும் பம்பைக் கொண்டுவந்து மாட்டியது. அது கிணற்றை ஒரே மூச்சில் வற்ற வைத்துச் சேற்றை உறிஞ்சி எரிந்துபோனது. பம்பைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தண்ணீரை எடுக்கத் தெரியும், உண்டாக்கத் தெரியாது. ஆகவே பழையபடி கழுதையைக் கட்டித் தோல்வாளியில் இறைத்தோம்.

ஐயா, நீங்கள் தலைநகரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது அந்த விமானத்தைப் பற்றி விசாரிக்க என்று எனக்குத் தெரியும். கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

கிணற்றை வெட்டியவர்கள் என் அப்பாவும் என் தாய்மாமனும். அதனால் இரண்டு குடும்பத்துக்கும் உரிமை. அவர்கள் காலத்தில் மாடுகள் குறைவு, மழை அதிகம். எங்கள் காலத்தில் அது தலைகீழானது. எங்கள் மந்தையை நானும் என் தம்பி சாம்போவும் பார்த்துக்கொண்டோம். மாமனின் மந்தையை அவர் மகன் தெம்மோ ஓட்டினான். மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், யாரும் கோபிக்கக் கூடாது என்பது எங்கள் ஃபுலானி இனத்து வழக்கம்.

"வாடா என் அடிமையே," என்பான் தெம்மோ, தொட்டியருகே. "உன் மாடு நடக்குதா, இல்ல எலும்பை எல்லாம் மூட்டை கட்டித் தூக்கிட்டு வருதா?"

"உன் மாட்டைவிட மேல் மச்சான். உன்னுது உன் மூஞ்சியப் பாத்துதான் பால் வத்திப் போச்சு."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கேலியால் தொட்டி நிறையாது. யார் மந்தை முதலில் குடிக்கிறதோ அது பிழைக்கும். எங்களில் மாடு இல்லாதவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை. அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடாது.

அப்போதுதான் காட்டுக்காரர்கள் வந்தார்கள். நீங்கள் தலைநகரில் அவர்களுக்கு வேறு பெயர் சொல்வீர்கள். கறுப்புக் கொடி, மோட்டார் சைக்கிள், நீண்ட தாடி. அரசாங்கத்தின் அதிகாரிகள் ஓடிப்போய்விட்டதால் வழக்குகளை அவர்களுடைய காஜி தீர்த்துவைத்தார். எங்கள் வழக்கும் போனது. அவர் லஞ்சம் வாங்கவில்லை, இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டார். தூரத்திலிருந்து வரும் மந்தை விடியலில் குடிக்கட்டும், அருகிலிருப்பது பிறகு குடிக்கட்டும் என்றார். தெம்மோவின் முகாம்தான் தூரம். எங்கள் மாடுகளுக்குச் சேறு மிஞ்சியது. அந்தக் கோடையில் கன்றுகள் செத்தன. சாம்போ ஒவ்வொன்றாக இழுத்துப்போய்ப் போட்டான்.

அடுத்த ஆண்டு ஐரோப்பியப் படை வந்தது. காட்டுக்காரர்கள் கலைந்தார்கள், காஜி எல்லை தாண்டினார். நான் தெம்மோவிடம் போனேன்.

"காஜியே ஓடிட்டாரு. இன்னும் எதுக்கு அவரு தீர்ப்பு?"

"அவருதான ஓடினாரு மச்சான்? தீர்ப்பு ஓடலையே." அவன் சிரித்துக்கொண்டே வாளியை இறக்கினான்.

எனக்குப் பள்ளியில் படித்த பிரெஞ்சு இருந்தது. அன்சோங்கோ நகருக்கு வெளியே இருந்த ஐரோப்பியப் படையின் முகாமில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். மந்தையைச் சாம்போ முழுதாகப் பார்த்துக்கொண்டான்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். எல்லோரும் கேட்கும் கேள்வி. சந்தையில் தங்கம் என்பார்கள், பக்கத்து நாட்டு யுரேனியம் என்பார்கள். பழைய எஜமானுக்குக் கை அரிக்கிறது என்பார்கள். எங்கள் கேப்டன், வெயிலில் மூக்குத் தோல் உரிந்த நல்ல மனிதர், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இவங்கள இங்கயே நிறுத்தலேன்னா நாளைக்கு எங்க ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்துடுவாங்க." அவர் அதை நம்பினார். நம் அரசாங்கம் இழந்த வடக்கைத் திரும்பப் பெற விரும்பியது. எங்கோ ஓர் அமைச்சர் தேர்தலுக்கு முன் உறுதியானவராகத் தெரிய விரும்பியிருப்பார். எது உண்மை என்றால் எல்லாமே உண்மைதான். நம் ஊர்ச் சந்தை லாரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவன் ஆடு விற்கப் போகிறான், ஒருவன் மருந்து வாங்க, ஒருத்தி மகளைப் பார்க்க. காரணம் வேறு வேறு, லாரி ஒன்று. ஏற ஆள் சேர்ந்தால்தான் லாரி கிளம்பும். போரும் அப்படித்தான் கிளம்புகிறது. நானும் அதில் ஏறிக்கொண்டேன்.

அந்த லாரி எப்படி ஓடுகிறது என்பதை நான் விரும்பிக் கற்றேன். மேலே ஆளில்லாத விமானம் வட்டமிடும். கீழே கூடாரத்தில் திரையைப் பார்த்தபடி இருப்பார்கள். அது முகத்தைக் காட்டாது, கூட்டத்தின் வடிவத்தைக் காட்டும். பெண்களும் குழந்தைகளும் தெரிந்தால் அது குடும்பம், விட்டுவிடுவார்கள். ஆண்கள் மட்டும், மோட்டார் சைக்கிள்கள், மரநிழல், நெடுநேர இருப்பு, ஆயுதம் என்று இத்தனையும் சேர்ந்தால் கேப்டன் எழுந்து நிற்பார். அவர்கள் மனம்போனபடி சுடுகிறவர்கள் அல்ல. மேலிடம் பலன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது, இருந்தும் எத்தனையோ முறை சுடாமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பங்களில் சமாதானக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். ஆண்கள் மட்டும் வருவார்கள். வழியில் கொள்ளையர் பயம், அதனால் துப்பாக்கியோடுதான் வருவார்கள். வந்ததும் எல்லோரும் துப்பாக்கிகளை நடுவில் ஒரே குவியலாக வைத்துவிட்டுச் சுற்றி உட்காருவார்கள். இனி நமக்குள் பகை இல்லை என்று அதற்கு அர்த்தம். ஆடு அறுத்து, மூன்று சுற்றுத் தேநீர் குடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. ஒருநாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது என் நினைவுக்கு வந்தது.

நான் தெம்மோவுக்குப் போன் செய்தேன். கிணற்று விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம், உன் ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேலமரத் தோப்புக்கு வா என்றேன்.

"அடிமைக்குப் புத்தி வந்துடுச்சே," என்றான். அவன் குரலில் மகிழ்ச்சி இருந்தது. "நீ வரல?"

"லீவு இல்ல மச்சான்."

"வெள்ளக்காரன் உன்னக் கயித்துல கட்டிப் போட்டிருக்கானா? சரி, ஆடு யாரு அறுக்கறது?"

"சாம்போ."

"அவன் அறுத்தா ஆடு பாதியில எந்திரிச்சு ஓடிடும். நானே அறுத்துக்கறேன்."

"துப்பாக்கிய மறந்துடாத. முறைப்படி நடக்கட்டும்."

"எல்லாம் முறைப்படிதான். அடுத்த வாரத்துலேருந்து ஒரு நாள் நீ முதல்ல இறை, ஒரு நாள் நான். எங்க ஆத்தாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

அவன் அப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல யோசனைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முறை மாறினாலும் கிணற்றில் ஊறுவது அதே தண்ணீர்தான். அவன் மாடும் பாதி சாகும், என் மாடும் பாதி சாகும்.

கூட்டம் நடந்த அன்று காலை கேப்டன் என்னைத் திரைக்கு முன் கூப்பிட்டார்.

"இவங்க யாருன்னு தெரியுதா?"

"காட்டுக்காரங்க காஜி சொன்ன தீர்ப்புப்படி நடக்கறவங்க சார்."

"நடுவுல என்ன குவியல்?"

"துப்பாக்கிங்க."

"பொம்பளைங்க, குழந்தைங்க?"

"இல்ல சார்."

பெண்களைப் பற்றி அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கவனமானவர். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்வது மொழிபெயர்ப்பாளன் வேலை அல்ல.

பிறகு அவர் திரையில் விரலை வைத்தார். நெருப்புக்கும் வட்டத்துக்கும் இடையே ஒருவன் போய்வந்துகொண்டிருந்தான், வலது காலைச் சற்று இழுத்தபடி. அவ்வளவு உயரத்திலிருந்தும் அது தெரிந்தது. அந்தக் கருவியைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

"அந்த நொண்டி யாரு? இவங்க ஆளா?"

"தெரியல சார்," என்றேன்.

சாம்போ சிறுவயதில் காளை மிதித்து நொண்டியானவன். விருந்து கொடுக்கும் வீட்டார் இல்லாமல் விருந்துக்கு யாரும் வரமாட்டார்கள், அதனால் அவனை அனுப்ப வேண்டியிருந்தது. முதல் சுற்றுத் தேநீர் ஊற்றியதும் விறகு பொறுக்கப் போய்விடு என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஏன் என்று கேட்டான், சும்மா என்றேன். மூன்றாவது சுற்றுக்கு முன் எழுந்தால் வந்தவர்களுக்கு மரியாதை இல்லை என்று நினைக்கிறவன் அவன். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பான்.

திரை வெள்ளையானது. பிறகு தெளிந்தது. கேப்டன் தண்ணீர் குடித்தார், எனக்கும் கொடுத்தார்.

யாரைக் குற்றவாளி என்று எழுதுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. விமானத்தை எழுதினால் அவர்கள், போராளிகளைக் கொன்றோம், ஆயுதம் இருந்தது என்பார்கள். படம் அவர்களிடம் இருக்கிறது, அது பொய் சொல்லாது. என்னை எழுதுங்கள். கூட்டத்தைக் கூட்டியவன் நான், தோப்பைத் தேர்ந்தெடுத்தவன் நான், துப்பாக்கி கொண்டுவரச் சொன்னவன் நான். தெம்மோவையும் அவன் ஆட்களையும் நான் கொன்றேன். என் தம்பியைப் பொறுத்தவரை, நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அவன் எழுந்து போயிருக்கலாம்.

தெம்மோ வீட்டுப் பெண்கள் மிஞ்சிய மாடுகளை ஓட்டிக்கொண்டு எல்லைக்குத் தெற்கே போய்விட்டார்கள். நான் முகாம் வேலையை விட்டுவிட்டேன், மந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. இப்போது காலையில் இறைக்கிறேன், எல்லா மாடும் குடித்த பிறகும் கிணற்றில் பாதி மிஞ்சுகிறது. மாலைக்குள் நிறைந்துவிடுகிறது. நாங்கள் தோண்டியதும் தவறு, பம்பு வைத்ததும் தவறு. கிணற்றில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அதில் ஒரு மந்தை குடித்தால் தண்ணீர் போதும்.