பதில் சொல்ல அறுபது நாள்

பொறாமையான்னா கேக்குறீங்க? ஆமாக்கா, பொறாமைதான். வயிறு எரியுது, ஒளிச்சு என்ன ஆகப்போவுது? கிள்ளான்ல ரயில் ஏறினதுலருந்து அதத்தானே பொலம்பிக்கிட்டு வரேன்.

எங்க ஆபீஸ் நோரைனிக்கு வாரத்துல மூணு நாள் வீட்டுலருந்தே வேலை வேணுமாம். அம்மாவுக்குப் பக்கவாதம், பாத்துக்க ஆளில்ல. பாவந்தான், யாரு இல்லேன்னா? ஆனா இப்ப அதுக்குச் சட்டமே வந்திருச்சு பாருங்க. எழுதிக் குடுத்தா மொதலாளி அறுபது நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லியாகணும். முடியாதுன்னா காரணம் எழுதணும். அவளுக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். ஹெச்.ஆர். கிளார்க் இல்லையா, எல்லா மனுவும் என் கை வழியாத்தான் உள்ள போவும்.

எனக்கு? பன்னெண்டு வருசத்துக்கு முந்தி எங்கம்மா படுத்தப்போ, புதன்கிழமை ஒருநாள் மட்டும் விடுங்கன்னு பழைய பாஸ் முன்னாடி நின்னேன். வீட்டுல வேலையா செய்வ, சட்டி கழுவுவன்னு சிரிச்சான். அப்ப ஏதுக்கா சட்டம்? ஒரு புதன்கிழமை மத்தியானம் அம்மா தண்ணி குடிக்க எந்திரிச்சு சமையல்கட்டுல விழுந்துட்டாங்க. சாயங்காலம் நான் போய்த்தான் கதவத் தொறந்தேன். ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு.

அழல அழல. கண்ணுல ஏர்கான் காத்து.

அப்புறம் கொரோனா வந்து ஊரே வீட்டுலருந்து வேலை செஞ்சுச்சா? சிரிச்ச அதே ஆளு இடுப்புல கைலி, மேல சட்டை டையோட மீட்டிங் நடத்தினான்லா! அதுக்கப்புறந்தான் சட்டத்துக்கும் கண்ணு தொறந்துச்சு. நோரைனி வீட்டுக்கு வழி தெரிஞ்ச சட்டத்துக்கு என் வீடு தெரியலயே. அவளுக்குச் சட்டமும் இருக்கு, அம்மாவும் இருக்காங்க.

அவளும் சும்மா இருக்காளா? தெனம் எனக்குக் காலையில பசியாற, தேங்காப்பால் மணக்க நாசி லெமாக் சோறு கட்டிக்கிட்டு வரா. காக், காக்னு அக்கா மொற வச்சுக் கூப்புட்டு, பதில் வந்துச்சாங்கறா. பாஸ் பாத்துக்கிட்டிருக்காருங்கறேன். அந்தச் சம்பல் தொண்டையில எறங்குதா? நேத்து அழுதுட்டா. மாட்டேன்னாவது எழுதிக் குடுக்கச் சொல்லுங்க காக், வேலைய விட்டுட்டு அம்மாகிட்டயே போயிடறேங்கறா.

என்னது, பாஸ் கல்நெஞ்சக்காரனா? சேச்சே! இவரு மிஸ்டர் லியோங், புது ஆளு, தங்கமான மனுசன். பாத்தா அந்த நிமிசமே கையெழுத்துப் போட்டுருவாரு.

அவரு இன்னும் பாக்கவே இல்லக்கா. மனு இந்தா, என் பையிலதான் கெடக்குது. இன்னிக்கு அறுபதாவது நாள்.

சுபாங் ஜெயா வந்திருச்சு, கால கொஞ்சம் ஒதுக்குங்க. குடுத்துருவேங்கக்கா, கண்டிப்பா இன்னிக்குக் குடுத்துருவேன். தெனம் இப்படி நெனச்சுக்கிட்டுத்தான் எறங்கறேன்.