எழுபத்திரண்டாவது மணி நேரம்

பெயர் சுசீலா, வயது 34, தந்தை பெயர் காலஞ்சென்ற சண்முகசுந்தரம், அம்பத்தூர் மேனாம்பேட்டில் வாடகை அறையில் தனியாக வசிக்கிறேன், மணமாகவில்லை. 16.1.1992 வியாழக்கிழமை மாலை காவல் நிலையத்தில் விசாரித்தபோது நான் சொன்னதாவது:

நான் முகப்பேரில் உள்ள தனியார் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒன்பது வருடமாக டெக்னீஷியன் வேலை செய்கிறேன். இந்த நோய் பரம்பரையாக வருகிறதா என்று ரத்த அணுக்களில் தேடுவது எங்கள் வேலை. என் அப்பாவும் அண்ணன் கலியமூர்த்தியும் இந்த நோயில்தான் இறந்தார்கள். அதைக் கேள்விப்பட்டதும், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்ததோடு சரி. போன வருடம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் அக்கா பார்வதத்துக்கும் வந்தது.

திங்கட்கிழமை காலை அக்காவிடம் ரத்தம் எடுத்தேன். "எனக்கு வந்தது எம் பொண்ணுக்கும் வருமா, பாத்து சொல்லிடுடி" என்றாள். அதன் பிறகு கூடத்துக்கு வந்து, பதினோரு மணிக்கு ரத்தத்தைக் குப்பியில் ஊற்றி, உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியில் வைத்தேன். அப்படி வைத்தால் அணுக்கள் உயிரோடு பெருகும். எழுபத்திரண்டாவது மணி நேரத்தில் மருந்து விட்டு அதை நிறுத்த வேண்டும், அதோடு அணுக்களின் உயிர் போய்விடும். நேரம் தவறினால் எல்லாம் வீண். மற்றவர்கள் ரத்தம் என்றால் காலண்டர் பார்த்துத்தான் எடுப்பேன். அக்கா என்பதால் பார்க்கவில்லை. வியாழன் பொங்கல் விடுமுறை.

புதன்கிழமை விடியற்காலை அக்கா இறந்தாள். அன்று மாலையே எரித்தார்கள். மறுநாள் காலை பால் தெளிக்க எல்லோரும் சுடுகாட்டுக்குப் புறப்பட்டபோது நான் கூடத்துக்குக் கிளம்பினேன். அக்கா கணவர் ராஜசேகரன் பால் சொம்பை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். அவர் தங்கை, "இன்னிக்குமா வேலை கீது இவுளுக்கு?" என்றார். அந்த வீட்டில் யாருக்கு எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு பத்தரை மணிக்குக் கூடத்தை அடைந்து, காவலாளி உத்தமனிடம் அக்கா இறந்ததைச் சொல்லிக் கதவைத் திறக்கச் சொன்னேன். சாவி ஊருக்குப் போயிருக்கும் டாக்டரிடம் இருப்பதாகச் சொன்னார். "ஊட்ல சாவு வெச்சிகினு இங்க இன்னாமா பண்ற? போய் பட்து தூங்கு" என்றார். நல்ல மனிதர், அவர் மேல் குறை இல்லை. அதன் பிறகு செங்கல்லால் பூட்டை உடைத்தேன். அவர் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

குப்பி கையில் வெதுவெதுப்பாக இருந்தது. மருந்து விட ஐந்து நிமிடம் தாமதித்தேன். அதுவும் என் தவறுதான். காவலர்கள் வந்தபோது அந்த அணுக்களைச் சொட்டிய கண்ணாடித் தகடுகளைக் காயவைத்துக் கொண்டிருந்தேன்.

எதையும் திருடவில்லை. கைப்பற்றிய தகடுகளைத் தூசி படாமல் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அக்கா மகள் வனஜாவுக்குப் பதினோரு வயது. அவளுக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

சம்பவத்தின்போது உள்ளே உங்களோடு யார் இருந்தது என்று கேட்டதற்கு, பதினொன்று ஐந்து வரை அக்கா இருந்தாள், அதன் பிறகு நான் தனியாக இருந்தேன் என்று சொன்னேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். கடைசி பதிலை மாற்றுகிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். மற்றதைப் போல அதுவும் உண்மை, இருக்கட்டும் என்றேன்.

(ஒப்பம்) ச. சுசீலா