நாலு ரிமோட்டுக்கு ஒரு கட்டைவிரல்

மனைவி: இடது கையை எடுங்க. வலது கட்டைவிரலால அழுத்துங்க.

மெக்கானிக்: ஏன், இடது கையால அழுத்தினா டிவி கோவிச்சுக்குமா?

மனைவி: நான் கோவிச்சுக்குவேன். டிவிக்கு, செட்டாப் பாக்ஸுக்கு, ஏசிக்கு, ஸ்பீக்கருக்குன்னு நாலு ரிமோட்டைத் தேடியே அலுத்துட்டேன். இனிமே நாலுக்கும் இந்தப் புது ரிமோட் ஒண்ணுதான்.

மெக்கானிக்: கோட் நம்பர் தெரிஞ்சா ஒரு நிமிஷ வேலை. கூடவே கோட் எல்லாம் போட்டு சின்னதா ஒரு புஸ்தகம் வந்திருக்குமே?

மனைவி: வரலை.

மெக்கானிக்: வரலையா!

மனைவி: கடைக்காரர் மறந்திருப்பார்... தேடித்தான் பிடிக்கணும். செட் பட்டனை அமுக்கியாச்சு, சிவப்பு லைட் எரியுது. பவர் பட்டனை ஒவ்வொரு தரமா அழுத்திக்கிட்டே வாங்க, தரத்துக்கு ஒரு கோட் மாறும். டிவி அணைஞ்சதும் நிறுத்துங்க.

மெக்கானிக்: முப்பது வருஷமா டிவி ரிப்பேர் பண்ணினவனுக்கு... தையல்காரம்மா பாடம் எடுக்கறாங்க!

மனைவி: வாய் போதும், விரல் வளையட்டும். ஒண்ணு... ரெண்டு... பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆச்சு. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்குங்கன்னா ஜன்னல் வழியா வீசிட்டீங்க.

மெக்கானிக்: பந்து அமுக்க நான் என்ன பச்சைக் குழந்தையா?

மனைவி: நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு...

மெக்கானிக்: சாயங்காலம் கடைச் சாமானை விலைக்குப் பார்க்க ஆள் வரணுமே. மீட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாம் துடைச்சு வெச்சியா?

மனைவி: வெச்சேன்... முப்பது வருஷம் நமக்குச் சோறு போட்டதுங்க அது. எவனோ அள்ளிட்டுப் போறதை எந்தக் கண்ணால பாக்கறது? நாப்பத்தி... பாருங்க, எண்ணிக்கையே விட்டுப்போச்சு.

மெக்கானிக்: நாப்பத்திமூணு. எண்ணு.

மனைவி: ...எழுபத்தெட்டு. அணைஞ்சிடுச்சு! நிறுத்துங்க... நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

மெக்கானிக்: அடடா, ஒண்ணு தாண்டிட்டேன்.

மனைவி: ஒண்ணா? மூணு!

மெக்கானிக்: போச்சு. எழுந்து போய் டிவியைப் போடு. முதல்லேர்ந்து வரணும்.

மனைவி: அதுக்கென்ன, வரலாமே! தாராளமா வரலாம்!

மெக்கானிக்: நீ திட்டுவேன்னு பார்த்தா... சந்தோஷப்படறே?

மனைவி: யாரு சந்தோஷப்பட்டா? ம்... ஒண்ணு... ரெண்டு...

மெக்கானிக்: மெதுவா எண்ணு, தாயே. விரல் மூச்சு வாங்குது.

மனைவி: ...எழுபத்தேழு... எழுபத்தெட்டு. அணைஞ்சுது, நிறுத்திட்டீங்க! செட்டை அமுக்குங்க... லைட் ரெண்டு தரம் கண் சிமிட்டுச்சு!

மெக்கானிக்: இப்ப பவரைத் தட்டறேன் பாரு.

மனைவி: வந்துடுச்சு! மொத்தம் நூத்தம்பத்தொம்பது தரம்ங்க! டாக்டர் ஒரு நாளைக்கு அம்பதுதான் கேட்டார். இதைப் போய் விழுந்த கைன்னு ஊரே சொல்லுச்சு... யாரு கை இது? என் வீட்டுக்காரர் கை!

மெக்கானிக்: சரி சரி, கண்ணைத் துடை. ஏசிக்கும் இப்படியே தேடறதா... இல்ல, உன் தையல் மெஷின் டிராயர்ல இருக்கற புஸ்தகத்தை எடுக்கறியா?

மனைவி: ...எப்பப் பார்த்தீங்க?

மெக்கானிக்: காலையில, போனைத் தேடறப்போ. அது இல்லாட்டியும் இந்த டிவி கோட் எனக்குத் தலைகீழா வரும்.

மனைவி: அப்புறம் எதுக்கு அத்தனை தரம் அழுத்தினீங்க? அந்த மூணு தாண்டினதும் வேணும்னேதானா?

மெக்கானிக்: நீ அவ்வளவு பெருமையா எண்ணினியா... இன்னொரு தரம் கேக்கணும்போல இருந்துச்சு. வீசின பந்தை அன்னைக்கே பொறுக்கிட்டு வந்துட்டேன். நீ மெஷின் மிதிக்கறப்பல்லாம் உள்ளே உக்காந்து அதைத்தான் அமுக்கறேன். இன்னொண்ணு... சாயங்காலம் யாரும் வரப்போறதில்லை. கடையை நானே திறக்கறேன்னு காலையிலேயே அந்தாளுக்குப் போன் போட்டுட்டேன். நம்பர் அத்தனையும் இந்தக் கட்டைவிரலாலதான் அழுத்தினேன்.