தமிழில் மைனஸ்

லஸ்ஸில் டிராம் ஏறிய தலைப்பாகைக்காரர் பக்கத்து சீட்டுக்காரரிடம், “பசங்களுக்கு இப்போ கணக்கு புரியறது ஓய். அதான் வம்பாப் போச்சு,” என்றார். இருவரும் கணக்கு வாத்தியார்கள் போலிருக்கிறது. தலைப்பாகைக்காரரே தொடர்ந்தார்:

“தமிழ்லே நடத்தணும்னு உத்தரவு வந்துடுத்தோல்லியோ? மைனஸை மைனஸாலே பெருக்கினா பிளஸ்னு பதினெட்டு வருஷமா இங்கிலீஷ்லே சொல்லிண்டிருந்தேன். ஒருத்தனும் வாயைத் திறக்கலை. நேத்து தமிழ்லே சொன்னேன். ஏன் சார்னு ஒருத்தன் கேட்டுட்டான்.”

பின் சீட்டில் இருந்த நான், நாலாம் வகுப்போடு நின்றவன், காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்ன சொன்னீர்?” என்றார் மற்றவர்.

“நாளைக்குச் சொல்றேன்னேன். இன்னிக்குன்னு பாத்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் என் கிளாஸிலே வந்து உக்காரப் போறார்.”

“நல்லதாப் போச்சு. அவரையே கேட்டுடும்.”

“எப்படி ஓய் கேக்கறது? எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இங்கிலீஷ்லே.”