சட்டைப்பையில் தீப்பெட்டி

1943 மார்ச் 9, செவ்வாய். வழக்கம்போல் குளித்து, காப்பி குடித்து, தருமபுரிக் கடைத்தெருவில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் தங்கை, ஸ்டவ் தீ பற்றிக் கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடப்பது பேச்சில் தெரிந்தது. அவர், தமக்கு முன்னால் வரிசையில் நின்ற தங்கையின் கணவரிடம் சீறினார்.

“ஒரு தீக்குச்சி மிச்சம் புடிக்க, எரியற ஸ்டவ்வுல எண்ணெ ஊத்தச் சொன்னீங்களாமே மச்சான்?”

“சண்டைக் காலமுங்க. தீப்பெட்டி எங்க கெடைக்குது? எங்க வூட்ல எல்லாருமே அப்படித்தான் ஊத்தறது.”

“உங்க சுருட்டுக்கு மட்டும் கெடைக்குதுங்களா?”

கணவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“அவ வலது கையி இனி மடங்காதாம். டாக்டரு சொல்லிட்டாரு. உங்க வூட்டுக்கு அவள இனி அனுப்பமாட்டேன். நீங்களே ஊத்திப் பொங்கித் தின்னுங்க.”

வரிசை நகர்ந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, என் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து எங்கள் ஸ்டவ்வின் பக்கத்தில் வைத்தேன்.